பறவை பெயரில் வந்த மர்மங்கள்

திருப்பதியிலிருந்து பாக்கராப்பேட்டை வழியாகப் போய் நெரபைலுவைத் தாண்டினால் தலக்கோனா. அருவி 270 அடி உயரத்திலிருந்து விழுகிறது. ஆந்திரத்தில் இதைவிட உயரமான அருவி இல்லை. அடிவாரத்தில் சித்தேஸ்வர சுவாமி கோயில். கோயிலுக்கு மேலே ஏறும் பாதையில் தொடை பருமனுக்குக் காட்டுக்கொடிகள் மரத்துக்கு மரம் தாவிக் கிடக்கும். நடுப்பகலிலும் அங்கே வெளிச்சம் பச்சையாகத்தான் இறங்கும். பத்தடி முன்னால் போகிறவர் தெரியமாட்டார், அவர் காலடிச் சருகுச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருக்கும்.

இந்தக் காட்டில்தான் வம்சி தன் 'அன்வேஷணா' படத்தை எடுத்தார். 1985-ல் வெளிவந்த தெலுங்குப் படம். கார்த்திக், பானுப்ரியா, சரத்பாபு, கைகாலா சத்யநாராயணா, ராள்ளபள்ளி நடித்தார்கள். இசை இளையராஜா, ஒளிப்பதிவு எம்.வி. ரகு. தெலுங்கில் மர்மப் படங்களைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் இன்றும் இதன் பெயர் முதலில் வரும். அதே படம் தமிழுக்கு வந்தபோது 'பாடும் பறவைகள்' ஆகிவிட்டது. ஒரு கொலைப் படத்துக்கு இப்படி ஒரு பெயரா என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பெயர்மேல் அன்றிலிருந்தே ஒரு பிடிப்பு. அதனால்தான் பறவை பெயர் தாங்கி வந்த திகில் படங்களையும் துப்பறியும் படங்களையும் ஒன்றோடொன்று சேர்த்து வைத்துப் பார்க்கும் பழக்கம் வந்தது. சித்தூரில் தமிழாசிரியையாக வேலை பார்த்த காலமெல்லாம் அந்தப் பழக்கம் விடவில்லை.

இங்கே இருப்பவர்களுக்கு ஒரு படத்தை இரண்டு மொழியில் பார்ப்பது சாதாரணம். எங்கள் மாவட்டமே அப்படி உருவானதுதான். 1911 ஏப்ரல் 1-ஆம் தேதி வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் தாலுக்காக்களைப் பிரித்துச் சேர்த்து சித்தூர் மாவட்டம் ஆக்கினார்கள். 1953-ல் ஆந்திரம் தனியானபோது நாங்கள் அந்தப் பக்கம் போனோம். ம.பொ.சி. வடக்கெல்லைக்காகப் போராடி, பட்டாஸ்கர் தீர்ப்பின்படி 1960-ல் திருத்தணி தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. நகரியும் புத்தூரும் சித்தூரும் ஆந்திரத்திலேயே நின்றன. எல்லை எங்கே போனாலும் படப்பெட்டி இரண்டு பக்கத்திலிருந்தும் வந்துகொண்டுதான் இருந்தது. வேலூரில் ஓடி முடிந்த தமிழ்ப் படமும் நெல்லூரில் ஓடி முடிந்த தெலுங்குப் படமும் ஒரே கொட்டாய்க்குள் அடுத்தடுத்த வாரம் வரும்.

பறவைக்கும் அச்சத்துக்கும் நம் ஊரில் உள்ள உறவு சினிமாவைவிட எத்தனையோ பழையது. கூகை குழறினால் சாவு என்றார்கள். காகம் கரைந்தால் விருந்து. கருடன் வட்டமிட்டால் கும்பாபிஷேகமே நிறைவாகிவிடும். வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில் என்று ஐந்து பறவைகளை வைத்து நாள் பொழுதையே பிரித்து, எது எப்போது உண்ணும், எப்போது உறங்கும் என்று கணக்குப் போட்டது பஞ்சபட்சி சாத்திரம். எல்லாவற்றையும்விட எனக்கு வியப்பானது ஆட்காட்டிக் குருவிதான். ஏரிக்கரையில் இருட்டில் யார் நடந்தாலும் அது கத்தி ஊரைக் கூட்டிவிடும். திருட வந்தவனும் அதற்குத்தான் பயப்படுவான், அவனைப் பிடிக்கப் பதுங்கியிருப்பவனும் அதற்குத்தான் பயப்படுவான். ஒரு துப்பறியும் கதைக்கு வேண்டிய எல்லாம் அந்த ஒரு பறவையின் பெயரிலேயே இருக்கிறது. தமிழ்ப் படக்காரர் எவரும் அதை இன்னும் தலைப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது என் நெடுநாள் குறை.

தமிழில் பறவை பெயரில் வந்த மர்மப் படங்களுக்குத் தலைமை 'புதிய பறவை'. 1964 செப்டம்பரில் வந்தது. சிவாஜி பிலிம்ஸ் தயாரிப்பு, தாதா மிராசி இயக்கம், ஆரூர்தாஸ் வசனம். அதற்கு முந்தைய ஆண்டு வங்காளத்தில் வந்த 'சேஷ் அங்கா'வைத் தழுவியது. அந்த வங்காளப் படத்துக்கு மூலம் 1958-ல் வந்த 'சேஸ் எ க்ரூக்கட் ஷேடோ' என்ற பிரிட்டிஷ் படம். லண்டனிலிருந்து கல்கத்தா, கல்கத்தாவிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து எங்கள் கொட்டாய்.

என் அண்ணன் புத்தூர்ப் பக்கம் ஒரு டென்ட் கொட்டாயில் ஆப்பரேட்டருக்குக் கையாளாக இருந்தான். சாயங்காலம் கண்டசாலாவின் வேங்கடேசப் பாட்டை ரெக்கார்டில் போட்டால் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். சுற்று வட்டார ஊரெல்லாம் அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் கிளம்பும். தரை டிக்கெட்காரர்கள் மணலைக் குவித்து மேடு கட்டி உட்காருவார்கள். கொட்டாய்க்கு இருந்தது ஒரே புரொஜெக்டர். கார்பன் குச்சிகள் இரண்டும் நுனியோடு நுனி எரிந்து கரையக் கரைய, இடைவெளி மாறாமல் கையால் திருகித் திருகி நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் திரை மஞ்சளடித்துவிடும், கீழேயிருந்து விசில் பறக்கும். ஒரு ஸ்பூல் தீர்ந்ததும் விளக்கைப் போட்டு அடுத்ததை மாட்டுவார்கள். அதனால் ஒரு படத்துக்கு ஒரே இடைவேளை என்பது எங்களுக்குத் தெரியாத சங்கதி.

மற்றப் படங்களுக்கு அது தொல்லை. மர்மப் படத்துக்கு அது வரம். சந்தேகம் உச்சத்துக்குப் போகும் நேரத்தில் விளக்கு எரியும். முறுக்கு விற்கிற பையன் உள்ளே வருவான். அந்தச் சில நிமிடத்துக்குள் மணல்மேட்டில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் வழக்கை விசாரித்து முடித்துவிடுவார்கள். செத்துப்போனதாகச் சொன்ன மனைவி வாசலில் வந்து நிற்கிறாள், அவள் உண்மையா பொய்யா? எம்.ஆர். ராதா எதற்குக் கூடவே வருகிறார்? பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு தீர்ப்பு, ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு தீர்ப்பு. தமிழில் ஒன்று, தெலுங்கில் ஒன்று. நான் புரொஜெக்டர் அறை ஓரமாகப் போய் நின்று கேட்பேன்.

"யாருண்ணா கொன்னது? எனக்கு மட்டும் சொல்லிடேன்."

"சொன்னா நாளைக்குக் கொட்டாய்ல ஈ ஓட்டணும் பாப்பா. உக்காந்து பாரு, தன்னால தெரியும்."

கடைசி வரை அவன் சொன்னதில்லை. தொழில் தர்மம் என்பதை நான் முதலில் கற்றுக்கொண்டது அவனிடம்தான். இந்தக் கட்டுரையிலும் எந்தப் படத்தின் முடிச்சையும் அவிழ்க்கப் போவதில்லை.

'புதிய பறவை'யில் எனக்குள் தங்கிப்போனது ரயில். ரயிலைக் கண்டால், அதன் சத்தம் கேட்டால், சிவாஜியின் கோபால் நிலைகுலைந்து போவான். எங்கள் வீடு பாகாலா மீட்டர்கேஜ் பாதைக்கு அருகில். படம் பார்த்த ராத்திரி காட்பாடிப் பக்கமிருந்து வரும் வண்டி கூவியபோது போர்வைக்குள் சுருண்டுகொண்டேன். கொலை நடந்த இடத்தைக் காட்டுவதற்கு முன்பே, அந்தச் சத்தத்தைக் கேட்கிற ஒருவனின் முகத்தைக் காட்டி நம்மைப் பயமுறுத்திவிடுகிறது படம். ஆனால் தலைப்பில் உள்ள பறவை? அது பெண். பறந்து வந்து ஒருவன் வாழ்க்கையில் அமர்கிற பெண். எதற்காக வந்து அமர்ந்தாள் என்பது கடைசியில்தான் விளங்கும். பெண்ணைப் பறவை என்பது நமக்கு மிகப் பழக்கமான உருவகம், அதையே திருப்பிப் போட்டுப் பொறியாக்கியது அந்தத் தலைப்பின் கெட்டிக்காரத்தனம். சரோஜாதேவியும் சௌகார் ஜானகியும் அந்தப் பொறியின் இரண்டு கதவுகள். ஜானகி ராஜமுந்திரிக்காரர், 'ஷாவுகாரு' தெலுங்குப் படத்தால் வந்த அடைமொழியைத் தமிழிலும் சுமந்தவர். எங்கள் பக்கத்துப் பெண்கள் அவரை நம்ம ஊர்ப் பெண் என்றே பேசிக்கொள்வார்கள்.

சிவாஜியின் பறவை சென்னையில் தயாராகிக்கொண்டிருந்த காலத்தை ஒட்டித்தான், 1963-ல், ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' வந்தது. அதை நான் பல ஆண்டுகள் கழித்துத்தான் பார்த்தேன். அதற்கு மூன்றாண்டு முந்தைய 'சைக்கோ'விலேயே அவர் பறவையைப் பிடித்துவிட்டார். விடுதிக்காரன் நார்மனின் அறையில் பாடம் செய்த பறவைகள் சுவரெல்லாம் நிற்கும். கொலையாகிற பெண்ணின் குடும்பப் பெயரே கிரேன், நாரை. 'தி பேர்ட்ஸ்' படத்தில் ஏன் பறவைகள் தாக்குகின்றன என்பதற்குக் கடைசிவரை விடை கிடையாது. படத்துக்குப் பின்னணி இசையும் கிடையாது. ஆஸ்கர் சாலா என்ற ஜெர்மானியர் டிராட்டோனியம் என்னும் மின்னிசைக் கருவியில் உண்டாக்கிய சிறகடிப்பும் கீச்சொலியும்தான் இசையின் இடத்தில் இருக்கின்றன. வழக்கமாக ஹிட்ச்காக்குக்கு இசையமைக்கும் பெர்னார்ட் ஹெர்மன் இதில் ஒலிக்கு ஆலோசகராக மட்டும் இருந்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அந்தப் படம் பயமுறுத்தும்.

'கழுகு' பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1981-ல் எஸ்.பி. முத்துராமன் இயக்கத்தில் ரஜினி நடித்தது. வீடு மாதிரி வசதி செய்த பஸ்ஸில் தேனிலவுக்குக் கிளம்புகிறவர்கள் நரபலிக் கும்பல் ஒன்றின் கண்ணில் படுகிறார்கள். 'ரேஸ் வித் தி டெவில்' என்ற அமெரிக்கப் படத்தின் சாயல் தெரியும். அந்த பஸ்ஸைப் பார்ப்பதற்கென்றே பிள்ளைகள் போனார்கள். கழுகு என்ற பெயர் விரட்டுவதையும் கொத்துவதையும் நினைவூட்டுவதற்குத்தான், பறவைக்குக் கதையில் வேலை ஏதுமில்லை. 1993-ல் ஃபாசில் எடுத்த 'கிளிப்பேச்சு கேட்கவா'வும் அப்படியே. பேய் குடியிருப்பதாக ஊர் நம்பும் வீடு, அங்கே ஒரு பெண். மம்மூட்டியும் கனகாவும் நன்றாகத்தான் செய்தார்கள். கிளி மட்டும் பெயர்ப்பலகையோடு நின்றுவிட்டது.

இப்போது தலக்கோனாவுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் பறவைக்கு உண்மையான வேலை கொடுத்த படம் இதுதான்.

வம்சி பாரதிராஜாவிடம் உதவியாளராக இருந்தவர். தமிழில் வந்த 'பாலைவனச் சோலை'யைத் தெலுங்கில் 'மஞ்சு பல்லகி'யாக எடுத்து இயக்குநரானார். 'சிதாரா'வில் பானுப்ரியாவுக்குப் பெயர் வாங்கித் தந்தார். ஆகவே தமிழுக்கும் தெலுங்குக்கும் நடுவில் நடமாடுவது அவருக்குப் பழக்கம். கார்த்திக்கை 'அலைகள் ஓய்வதில்லை'யிலிருந்து தமிழர்கள் அறிவார்கள். தெலுங்கில் அவர் பெயர் முரளி. இப்படி நடிகர், இசை, இயக்குநரின் பயிற்சி எல்லாமே இரண்டு மொழிக்கும் பொதுவாக இருந்த ஒரு படம், இரண்டு மொழி பேசும் எங்கள் மாவட்டத்துக் காட்டுக்குள்ளேயே எடுக்கப்பட்டது பொருத்தம்தானே.

கதைக்குள் போனால், ஹேமா என்ற பெண் இசை படித்தவள். பறவைகளின் ஒலிக்கும் சுரங்களுக்கும் உள்ள உறவை ஆராய வேண்டும் என்று காட்டுக்கு வருகிறாள். அந்தக் காட்டில் ஆட்கள் சாகிறார்கள். பழி புலியின்மேல் விழுகிறது. புலிதானா என்பது கேள்வி. பானுப்ரியா கையில் ஒலிப்பதிவுக் கருவியோடு குரல்களைத் தேடிப் போகிறார். பொதுவாகத் துப்பறியும் கதையில் தேடுகிறவர் கையில் பூதக்கண்ணாடி இருக்கும், காலடித் தடம் பார்ப்பார், கறை பார்ப்பார். இங்கே கதைக்குள் நம்மை அழைத்துப் போகிறவள் காதை முன்னால் நீட்டிக்கொண்டு நடக்கிறாள். அவள் பின்னால் போகிற நாமும் காதால் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். ஒரு குருவி கத்துவது நின்றால் உடம்பு சிலிர்க்கிறது. அடர்ந்த காட்டில் கண் பயன்படாது என்பது தலக்கோனாவில் நடந்தவர்களுக்குத் தெரியும். வம்சிக்கும் தெரிந்திருக்கிறது.

சுரங்களை உயிரினங்களோடு சேர்ப்பது பழைய வழக்கம். நாரதீய சிக்ஷை சட்ஜத்தை மயிலுக்கும், ரிஷபத்தைக் காளைக்கும், காந்தாரத்தை ஆட்டுக்கும், மத்யமத்தைக் கிரௌஞ்சப் பறவைக்கும், பஞ்சமத்தைக் குயிலுக்கும், தைவதத்தைக் குதிரைக்கும், நிஷாதத்தை யானைக்கும் கொடுக்கிறது. ஏழில் மூன்றுதான் பறவை. படம் பறவைகளை மட்டும் எடுத்துக்கொண்டது சாத்திரத்துக்குச் சரியில்லாமல் இருக்கலாம், சினிமாவுக்கு ரொம்பச் சரி. காட்டில் கேட்கிற ஒவ்வொரு குரலும் ஒரு சுரமாக இருக்கலாம், ஒரு சமிக்ஞையாகவும் இருக்கலாம் என்ற நிலைக்கு நம்மைக் கொண்டுவந்து விடுகிறது.

இளையராஜா செய்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். பாட்டுகளை வேட்டூரி எழுத, எஸ்.பி. பாலசுப்ரமணியமும் எஸ். ஜானகியும் பாடினார்கள். அவற்றில் மிகப் புகழ்பெற்றது கீரவாணி ராகத்தின் பெயரைச் சொல்லியே தொடங்குகிற பாட்டு. கீரம் என்றால் கிளி. ஆக ராகத்திலும் ஒரு பறவை உட்கார்ந்திருக்கிறது. ஆனால் நான் அதிகம் மதிப்பது பாட்டில்லாத இடங்களை. பனிமூட்டத்துக்குள் ஓர் ஆள் நடந்து போகும்போது ராஜா வாத்தியங்களை ஒதுக்கி வைத்துவிட்டுக் காட்டைப் பேச விடுவார். பிறகு ஒரே ஒரு இழை தொடங்கும், அது வயலினா, காற்றா, பறவையா என்று ஒரு கணம் பிடிபடாது. அந்த ஒரு கணத்தில்தான் படத்தின் மர்மமெல்லாம் இருக்கிறது.

தெலுங்குப் படத்தைத் திருப்பதியில் பார்த்தேன். தமிழை அப்புறம் வேலூரில் பார்த்தேன். உதட்டசைவுக்கு ஏற்றபடி வசனம் எழுதுவது எளிய காரியமில்லை. தெலுங்குச் சொற்கள் உயிரொலியில் முடிந்து உதடு திறந்து நிற்கும், தமிழில் பாதிச் சொற்கள் மெய்யில் முடிந்து வாய் மூடிக்கொள்ளும். அண்மைக் காட்சிகளில் இது தெரிந்துவிடும். அதனால் டப்பிங் எழுதுகிறவர்கள் வாக்கியத்தைப் புரட்டி, 'இல்லையா', 'தானே', 'பாரு' என்று வாய் திறந்து முடிகிற சொல்லைக் கடைசிக்குத் தள்ளுவார்கள். பலர் இதைக் குறையாகச் சொல்லிச் சிரிப்பார்கள். நான் அதை ஒரு கைத்தொழிலாகவே மதிக்கிறேன். சென்னையில் கடிகாரத்தைப் பார்த்தபடி ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்து எழுதியும் பேசியும் இந்தத் தொழிலை நடத்தியவர்களால்தான் எல்லையின் இரண்டு பக்கமும் ஒரே கதைக்குப் பயந்தது. அவர்களில் பலருடைய பெயர் சுவரொட்டியில்கூட வந்ததில்லை.

'பாடும் பறவைகள்' என்று பெயர் வைத்தவர் யாரானாலும் அவர் படத்தைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். வியாபாரத்துக்காகச் சூட்டிய இனிமையான பெயர், கொலைப்படத்தின் காரத்தைக் குறைத்துவிட்டது என்று என் சக ஆசிரியை ஒருவர் வாதாடுவார். 'அன்வேஷணா' என்றால் தேடல், அதுவே நேர்மையான பெயர் என்பார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தேடல் என்று எந்தத் துப்பறியும் படத்துக்கும் பெயர் வைத்துவிடலாம். பறவையை வைத்தது இந்தப் படத்துக்கு மட்டுமே ஆகும்.

இதற்குப் பொருத்தமான ஜோடி இத்தாலியில் இருக்கிறது. டாரியோ அர்ஜெண்டோவின் முதல் படம், 1970-ல் வந்தது, ஆங்கிலத்தில் 'தி பேர்ட் வித் தி கிரிஸ்டல் ப்ளூமேஜ்'. இசை என்னியோ மோரிகோனி. கொலைகாரனிடமிருந்து வந்த தொலைபேசி அழைப்பைப் பதிவு செய்கிறார்கள். பின்னணியில் விளங்காத ஒரு சத்தம். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறார்கள். அது ஒரு அபூர்வப் பறவையின் குரல் என்று தெரிய, வழக்கு திரும்புகிறது. ரோம் நகரத்துத் தொலைபேசியில் கேட்ட குரலும் தலக்கோனாவில் ஹேமா தேடிப்போன குரலும் ஒரே இனம். பறவை அங்கே அழகுக்காகவும் இல்லை, பெண்ணுக்கு உவமையாகவும் இல்லை. சாட்சி சொல்கிறது. 1941-ல் வந்த 'தி மால்டீஸ் ஃபால்கன்' எத்தனையோ பெரிய படம், ஹம்ஃப்ரி போகார்ட்டின் நடிப்புக்கு ஈடில்லை. ஆனாலும் அதில் வல்லூறு ஒரு சிலை. எல்லோரும் அதைத் துரத்துகிறார்கள், அது வாய் திறப்பதில்லை.

'அன்வேஷணா' வந்த அதே 1985-ல் சாலிம் அலியின் தன்வரலாறு வெளிவந்தது. 'தி ஃபால் ஆஃப் எ ஸ்பேரோ' என்று அதற்கும் பறவைத் தலைப்பு. சிறுவனாக இருந்தபோது அவர் சுட்டு வீழ்த்திய ஒரு குருவிக்குத் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. அது என்ன இனம் என்று கேட்டுக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனவர், வாழ்நாள் முழுவதும் பறவைகளின் பின்னாலேயே போனார். 2018-ல் வந்த ஷங்கரின் '2.0' படத்தில் பட்சிராஜன் பாத்திரத்தில் அக்ஷய்குமார் சாலிம் அலியின் சாயலோடு வந்தார். பறவைகள் அழிவதற்காகப் பழிவாங்க ஆவியாக எழுகிறவர். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் படத்தில் கைப்பேசிகள் பறக்கிற சத்தத்தில் ஒரு சிட்டுக்குருவியைக்கூட நிதானமாகக் கேட்க முடியவில்லை.

சாலிம் அலியின் கழகம் எங்கள் காட்டுக்குப் பக்கத்திலேயே நடத்திய ஒரு துப்பறியும் வேலையைத் தமிழ் வாசகர்கள் பலர் அறியமாட்டார்கள். தாமஸ் ஜெர்டன் சென்னை மாகாணத்தில் மருத்துவராக இருந்தவர். நெல்லூர், கடப்பைப் பக்கத்து மலையடிவாரத்தில் அவர் கண்ட ஒரு பறவை 1848-ல் அறிவியலுக்குப் புதிதாகப் பதிவானது. தரையில் ஓடும், கோழி போன்ற, இரு வரி மார்புள்ள சின்னப் பறவை. 1900-க்குப் பிறகு அதை எவரும் பார்க்கவில்லை. அழிந்துபோனது என்று எழுதிவிட்டார்கள். எண்பத்தைந்து ஆண்டு கழித்துக் கழகத்தின் ஆய்வாளர் பரத் பூஷண் கடப்பை மாவட்டக் கிராமங்களில் ஊர் ஊராகப் பறவையின் ஓவியத்தைக் காட்டி விசாரித்தார். விசாரணை என்றால் இதுதான் விசாரணை. ஊர் வேட்டைக்காரர்களுக்கு அந்தப் பறவை தெரிந்திருந்தது. அவர்கள் மொழியில் அது கலிவி கோடி, கலிவிப் புதருக்குள் திரியும் கோழி. பகலில் தேடியவர்கள் கண்ணில் அது படாததற்குக் காரணம் எளியது. அது ராத்திரியில் நடமாடும் பறவை. 1986 ஜனவரியில் ஓர் ஊர்க்காரர் டார்ச் வெளிச்சத்தில் அதைப் பிடித்துக் கொடுத்தார். பிடிபட்ட பறவை பிழைக்கவில்லை. ஆனால் இனம் உயிரோடிருக்கிறது என்பது உலகத்துக்குத் தெரிந்தது.

'அன்வேஷணா' திரைக்கு வந்து அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. கதையில் ஹேமா பறவைக் குரலைத் தேடி அலைந்த மலைத்தொடருக்கு வடக்கே, நிஜத்தில் ஒருவர் பறவையைத் தேடி அலைந்து கண்டுபிடித்துவிட்டார்.

இந்தக் காடுகளைப் பற்றி எழுதும்போது 2015 ஏப்ரல் 7-ஐத் தாண்டிப் போக என்னால் முடியாது. செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி, சேஷாசலம் காட்டில் சந்திரகிரிப் பக்கம் 20 பேரை அதிரடிப்படை சுட்டுக் கொன்றது. பெரும்பாலானவர்கள் திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கத்துத் தமிழர்கள், கூலிக்கு வந்தவர்கள். என் பழைய மாணவர்கள் அன்று தெலுங்கு நாளிதழையும் தமிழ் நாளிதழையும் எடுத்துக்கொண்டு வந்து காட்டினார்கள். ஒன்றில் கடத்தல்காரர்கள், மற்றதில் கூலித் தொழிலாளிகள். என்ன நடந்தது என்று காடுதான் கேட்டிருக்கும். அதன் பிறகு எந்தத் திகில் படத்தில் காட்டுக்குள் துப்பாக்கிச் சத்தம் கேட்டாலும் எனக்கு அது கதையாக இருப்பதில்லை. 2021-ல் வந்த 'புஷ்பா' இதே செம்மரத்தின் கதை, எங்கள் சித்தூர் வழக்குத் தெலுங்கை நாடெல்லாம் கேட்க வைத்த படம். ஆனால் காட்டுக் காட்சிகளில் பெரும்பகுதியைக் கோதாவரிப் பக்கம் மாரேடுமில்லியில் எடுத்தார்கள். சேஷாசலத்தின் கதைக்கு வேறொரு மலை முகம் காட்டியது. பச்சை நிறம் பார்வையாளருக்கு ஒன்றுபோலவே தெரியலாம். ஒலி ஒன்றாக இருக்காது. எங்கள் காட்டின் காய்ந்த சருகு மிதிபடும் சத்தமே தனி.

கலிவி கோடியின் கதையை யாராவது படமாக எடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அதில் எல்லாமே இருக்கிறது. செத்ததாக எழுதப்பட்ட ஒன்று, எண்பத்தைந்து ஆண்டு மௌனம், ஓவியத்தைக் கையில் வைத்துக்கொண்டு கிராமம் கிராமமாக விசாரணை, இருட்டில் ஒரு டார்ச் வெளிச்சம். அதோடு கதை முடியவுமில்லை. 1983-ல் எம்.ஜி.ஆரும் என்.டி. ராமாராவும் ஒப்பந்தம் செய்து, கிருஷ்ணா நீரைச் சென்னைக்குக் கொண்டுவரத் தொடங்கிய தெலுங்கு கங்கைத் திட்டத்தின் கால்வாய் ஒன்று இந்தப் பறவையின் இருப்பிடத்துக்குள் வெட்டப்பட்டது. புதர்க்காடு அழிந்தது. பறவைக்காக வாதாடியவர்கள் விடாமல் போராடியதில் கால்வாயின் வழி மாற்றப்பட்டது. எந்த ஊரில் கேமராவை வைத்தாலும் தமிழும் தெலுங்கும் கலந்தே பேச வேண்டியிருக்கும் படம் அது. இரண்டு மொழியிலும் ஒரே நேரத்தில், கடப்பையிலும் தலக்கோனாவிலும் ராத்திரியில் ஒலிப்பதிவு செய்து எடுக்கட்டும். தலைப்புக்கு அலைய வேண்டாம், வேட்டைக்காரர்கள் வைத்த பெயரே போதும்.